இலவமரத்திலிருந்து மூன்றாம் வீடு

மார்ச் மூன்றாம் நாள் வட்ட அலுவலகம் எங்கள் தெருக்களுக்கு எண்ணிட்டு, என் முகவரியைச் செல்லாததாக்கியது. இந்த மலை வட்டத்தில், வெள்ளம் அதைச் சாய்த்த பின்னும் இலவமரத்திலிருந்தே எல்லோரும் வழி சொல்லி வந்தோம்.

“இல்லாத மரத்துக்கு எதுக்கு இவ்வளவு சண்டை, வாத்தியாரே?” என்றாள், என் கதவில் எண் தீட்டிக்கொண்டிருந்த வட்ட அலுவலக ஊழியை ரொசாவ்ரா. “இனி உங்க வீடு நாப்பத்தேழு. சுலபமா இருக்குல்ல?”

“எவேலியோவுக்கு அது தெரியாதேம்மா.”

அவள் தூரிகை நின்றது. போரின்போது என் மகன் எவேலியோவை ஐந்து வயதில் எல்லை தாண்டி, பக்கத்து நாடான ஹோண்டுராஸுக்கு அனுப்பினேன். ‘இலவமரத்திலிருந்து ஆற்றுப் பக்கம், மூன்றாம் வீடு’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்வித்திருந்தேன்.

வாசகரே, யாரேனும் இலவமரத்தைக் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லாதீர்கள். அது நின்ற இடத்துக்கு அழைத்துச் சென்று, ஆற்றின் பக்கம் திருப்பி விடுங்கள்.