அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சர்வர்

அலுவலகத்து சர்வர் கணினிகளைத் தானே தேடிக் கணக்கெடுக்கும் மென்பொருளை, மாசிலாமணி முதலில் தன் வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்தான். கூட வேலை பார்க்கும் பெனடிக்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இணைப்பிலுள்ள ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் சொன்னது, வாசல் பூட்டு சொன்னது.

பிறகு சமையலறையிலிருந்து, அரிசி டிரம்முக்குப் பின்னால், மாசிலாமணியின் குரலே கேட்டது.

"பேரு மாசிலாமணி. வேலை, பூங்கோதைகிட்ட சாப்பிட்டியான்னு கேக்கறது. அவ பேசறத முழுசாக் கேக்கறது."

பெனடிக்ட் அவசரமாகச் செல்போனைக் குனிந்து பார்த்தான். மாசிலாமணியின் மனைவி பூங்கோதை, காபியோடு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன இது?" என்றான் மாசிலாமணி.

"உங்க குரல்ல பேசட்டும்னு நான்தாங்க வெச்சேன். நீங்க வீட்டுல இருக்கறப்ப அணைச்சுத்தாங்க வைப்பேன்," என்றாள், தப்பு செய்துவிட்டவள் போல. "இன்னிக்கு மறந்துட்டேன்."

அவனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது கேட்டாக வேண்டும் என்று வாயெடுத்தான்.

"சாப்பிட்டியா, பூங்கோதை?" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து குரல் முந்திக்கொண்டது.

"இன்னும் இல்லைங்க," என்று பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள் பூங்கோதை.