இரண்டு சாண், நான்கு விரல்

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் டெஸ்க்டாப் திரையைக் கையால் அளக்கிறாள். இரண்டு சாண், அதற்கு மேல் நான்கு விரல். புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவள் அவள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் அச்சாகும் அளவிலேயே அருகருகே தெரிந்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். இதில் தெரியும். "கண்ணைக் கெடுத்துக்காத, பெருசாவே வாங்கு" என்று ஒரு மாதமாக நச்சரித்த கணவன் இன்றைக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை. லேப்டாப் ஒன்றை மூடுகிறான், திறக்கிறான், உள்ளங்கையில் ஏந்தி எடை பார்க்கிறான்.

"பஞ்சு மாதிரி இருக்கு, இதையே எடுத்துக்கலாம்."

"நான் எங்கங்க தூக்கிட்டுப் போகப் போறேன்? வீட்டுலதானே வேலை?"

"இருக்கட்டுமே. சாஞ்சுக்கிட்டே வேலை பாக்கலாம்ல."

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய ரிப்போர்ட்டை வாங்கிவந்து, "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்ன அதே குரல். தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தம். எதையாவது செய்தாக வேண்டும்போல, அவள் மறுபடி திரையை அளக்கத் தொடங்குகிறாள். விற்பனைப் பெண் வந்து, பேட்டரி ஆறு மணி நேரம் நிற்கும் என்கிறாள்.

"போதும்மா, தாராளம். அங்க ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்துலயும் ப்ளக் பாயின்ட் இருக்கு."

சொன்னவன் வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது. ஏசி இரைகிறது. விற்பனைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவன் லேப்டாப்பை மட்டுமே பார்க்கிறான். பெரிய திரையின்மேல் அவள் வைத்த முதல் சாண் விரித்தபடியே இருக்கிறது.