கிட் பையில் ஒரு கேள்வி

முதல் அநியாயம், மட்டையைத் தொடக்க ஆட்டக்காரரிடமிருந்து பிடுங்கிப் பதினோராவது ஆளிடம் கொடுத்தார்கள். இரண்டாவது, கைப்பிடி ரப்பரைக் கழற்றி இன்னொரு மட்டைக்கு மாட்டினார்கள். மூன்றாவது, ஸ்டம்பை மண்ணில் அடித்து இறக்கும் சுத்தியலாக்கினார்கள். கிளப்பின் கிட் பையில் ஒரு மூலையில் தனியாகச் சாய்ந்து கிடந்த சங்கிலி என்ற கிழட்டு மட்டை, இவற்றை வரிசை தப்பாமல் சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

எல்லோரும் புது மட்டை வெள்ளையனைச் சுற்றிக்கொண்டார்கள். எண்ணெய் பூசாமல், தட்டிப் பழக்காமல் அவசரமாகக் களமிறக்கியும், பன்னிரண்டு ஆட்டத்தில் அது முப்பத்தெட்டு சிக்ஸர் அடித்திருந்தது.

"அடுத்த சீசன் ஐம்பதுடா மாப்ளே!" என்றது காலில் கட்டும் பேடு.

வெள்ளையன் சிரிக்கவில்லை. அதன் அடி விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது.

"சங்கிலியண்ணே, நீங்க சொல்லுங்க. இப்படி அடிச்சுட்டு மறு வருஷமே அடங்கிப்போன மட்டை உண்டா? உண்டுன்னா, நாளைக்குக் காட்சி ஆட்டத்துக்குப் பையைத் திறக்கும்போது அடியில ஒளிஞ்சுக்குவேன். கொஞ்சம் ஓய்வாவது கிடைக்கும்," என்றது வெள்ளையன்.

"அப்படி ஒண்ணு பொறந்ததே இல்ல," என்றது கிளவுஸ்.

அந்த மூன்று அநியாயங்களுக்கும் முந்தைய ஒன்றைச் சங்கிலி யாரிடமும் சொன்னதில்லை. அதன் முதுகில் அந்தக் காலத்துக் கேப்டன் மையால் எழுதிய வரி அதற்கு மனப்பாடம். பேடும் கிளவுஸும் கேட்க, அதை உரக்கப் படித்தது.

"ஒரே சீசன், நாற்பத்தொரு சிக்ஸர்." பிறகு தானே சேர்த்தது. "மறு வருஷம் நாலு. அதை யாரும் எழுதல. பேரு, சங்கிலி."