ட்ரம்ஸ் இல்லாத பாட்டு

“விட்டுறக் கூடாது அண்ணாச்சி. அதுக்குத்தான் வேற ட்ரம்ஸ் புத்தகம் கேக்கேன்” என்றாள் கல்பனா.

ஜெபக்குமார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். ராஜபாளையத்தில் அவருடைய இசைக்கருவிக் கடைக்கு அவ்வளவு காலையில் யாரும் வருவதில்லை. இவள் படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற மில் வேனையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நிற்க முடியாமல் கண்ணாடி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“இப்ப எந்தப் புத்தகத்தை வச்சு வாசிக்குது புள்ள?”

“அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி. ஏதோ ஜாஸ் இசைங்காங்க. தீபாவளிக்கு முன்னால இருந்து ஒரே பாட்டுத்தான்.”

“எப்படி இருக்கும்? பாடிக் காட்டுவீங்களா?”

கல்பனா பாடவில்லை. மேஜையில் விரலால் தட்டினாள். டிங், டிங்கட டிங், டிங்கட டிங். ஜெபக்குமார் நிமிர்ந்து பார்த்தார். தாளத்தின் அந்த ஊஞ்சலாட்டம் அப்படியே இருந்தது. சட்டென்று விரலை நிறுத்தினாள்.

“இந்த இடத்துல கை தடுமாறிரும். பொறவு மொதல்ல இருந்து.”

“உங்களுக்கே மனப்பாடம் ஆயிருச்சே.”

“நைட்டு வேலைக்குப் போறவ பகல்லதான படுக்கணும். பகல் பூரா காதுக்குள்ள இதே சத்தந்தான்.” கொட்டாவியை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். “ரெண்டு நாளா அதுவும் இல்ல. அந்த இடம் வரவே மாட்டேங்குதுன்னு வெறுத்துப் போச்சு போல.”

“சொல்லிக் குடுக்க ஆள் இருக்கா?”

“யாரும் இல்ல.”

ஜெபக்குமாருக்கு அலுப்பாக இருந்தது. இந்த மாதிரி எத்தனையோ பெற்றோரைப் பார்த்துவிட்டார். ஆசையாக வாங்கிப் போவார்கள். பிள்ளை மூலையில் போட்டுவிடும். அதட்டி மிரட்டி மறுபடி உட்கார வைப்பார்கள்.

“கோவிச்சுக்கிடாதீங்கம்மா. பிடிக்கலன்னா விட்ருங்க. ராத்திரி பூரா மில்லுல நின்னு சம்பாதிச்சு, அதையும் போட்டு, அடி அடின்னு உயிரை எடுத்தா எந்தப் புள்ளைக்குத்தான் கலை வரும்?”

அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

“விட்டுறக் கூடாது அண்ணாச்சி” என்றாள் மறுபடியும்.

பெருமூச்சு விட்டபடி அலமாரியைத் திறந்து மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். சென்னையிலிருந்து வரவழைத்தவை. முதலாவதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரே ஒதுக்கினார். “இது வேண்டாம். வேகம் ஜாஸ்தி. உள்ளதும் போயிரும்.” இரண்டாவதை நகர்த்தினார். “இதுல பாட்டு கம்மி, பாடம் ஜாஸ்தி.”

“அது?”

“இது மெதுவான பாட்டுங்க. புத்தகத்தோட பாட்டும் பதிவு பண்ணி வரும். பியானோ, பேஸ் கிட்டார், சாக்ஸபோன் எல்லாரும் வாசிச்சிருப்பாங்க. ட்ரம்ஸ் மட்டும் இருக்காது. போன்ல பாட்டைப் போட்டுவிட்டு, அந்த எடத்துல நாம அடிக்கணும்.”

“தனியா அடிக்க மாதிரி இருக்காதா?”

“சுத்தி நாலு பேர் உக்காந்து வாசிக்க மாதிரி இருக்கும்.”

“அப்ப இதையே குடுங்க.”

போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். கல்பனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தார். பாட்டு முடிந்ததும், “இது வரும். இது கண்டிப்பா வந்துரும்” என்றாள்.

அவளைப் பார்க்க இப்போது அவருக்குப் பாவமாக இருந்தது. சுவரில் தொங்கிய வட்டமான ரப்பர் பலகையை எடுத்துக் காட்டினார்.

“இதையும் கொண்டு போங்கம்மா. ட்ரம்ஸ் மேல அடிக்கதுக்குப் பதிலா இது மேல அடிக்கலாம். சத்தமே வெளிய வராது. நீங்களும் பகல்ல நல்லா தூங்கலாம்.”

கல்பனா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி. சத்தம் வரணும்.”

இது என்ன பிடிவாதம் என்று அவருக்குப் புரியவில்லை. பெற்றவர்கள் பிள்ளையிடம் அன்பாக இருப்பதைக் காட்ட ஒரு வழி சொல்லிக்கொடுப்போம் என்று பேனாவைத் திறந்தார்.

“மொதப் பக்கத்துல ஏதாவது எழுதிக் குடுங்க. அம்மா ஆசையா எழுதியிருக்கான்னு பார்த்தா, புள்ள தானா குச்சியை எடுக்கும். பேரு என்ன?”

“பேரு தெரியாதே” என்றாள் கல்பனா.

ஜெபக்குமார் பேனாவோடு அவளைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு மேல் மாடியில ஒரு அக்கா குடியிருக்காவ அண்ணாச்சி. புருசன் செத்ததுல இருந்து கதவைத் தொறக்கதில்ல, யாருகிட்டயும் பேசுறதில்ல. அவரோட ட்ரம்ஸைத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தாவ. அந்தச் சத்தம் கேட்டாத்தான், இன்னைக்கும் உசுரோட எந்திரிச்சிட்டாவன்னு எனக்குத் தூக்கமே வரும்.”