முதலாம் வருசச் சண்டை

"ஐஞ்சாம், ஐஞ்சு! உந்த ஐஞ்சிலை என்ன கிடக்கெண்டு துள்ளுறான்?" கைபேசியைப் பார்த்துச் சீறினாள் மேர்சி.

நாரந்தனை வீட்டுக் குசினியில் அவளும் மச்சாள் ஜெயந்தாவும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேர்சி உரித்ததைவிடக் கை கழுவிக் கைபேசியைத் தொட்டதுதான் அதிகம்.

"ஆரோடை மச்சாள் சண்டை?"

"பேர் தெரியாது. பேஸ்புக்கிலை ‘ஐந்தாம்படை’ எண்டு போட்டிருக்கிறான். பிளேஸ்ரேசன் விளையாடுற தமிழாக்களின்ரை குழு. நான் அதிலை ‘நெடுந்தீவுக் குதிரை’."

"ரீவியிலை கொழுவி விளையாடுற பெட்டியோ? அதிலை உமக்கென்ன தெரியும்?"

"ஏன் தெரியாது? ஒண்டிலையிருந்து ஐஞ்சு வரைக்கும் வந்திட்டுது. எங்கடை வீட்டிலை ரெண்டாம் நம்பர் நிண்டதெல்லே. இவர் கடலுக்குப் போனால் றெக்ஷனோடை அதிலை கார் ஓடினது நான்தான்."

மகனின் பேர் வாயில் வந்ததும் ஜெயந்தா மெல்லக் கேட்டாள். "அவன் போனிலை கோல் எடுக்கிறவனோ?"

"எடுப்பான். நான் தூக்கிறேல்லை. தேப்பன்ரை செத்தவீட்டுக்கு வராதவனோடை எனக்கென்ன கதை?"

"பிரான்சிலை விசா இல்லாமல் நிக்கிற பிள்ளை எப்பிடி வாறது?"

"அந்தக் கதையை விடும்."

கைபேசி கிணுங்கியது. மேர்சி உரத்து வாசித்தாள்.

"‘குதிரை, வந்த முதல் வருசத்திலை எதுக்கு நல்ல விளையாட்டுகள் வந்ததெண்டு பார்த்தால், ஐஞ்சுக்குக் கிட்ட ஒண்டும் நிக்காது. மழைத்துளிகூடத் தெளிவாத் தெரியும்.’ கேட்டீரோ கதையை!"

சொல்லிச் சொல்லியே பதிலை எழுதினாள். "மழை பாக்கிறதெண்டால் நான் முத்தத்துக்குப் போவன். ஐஞ்சுக்கு முதல் வருசம் வந்ததிலை கனக்க நாலிலையும் ஓடும். பேர் எடுத்த ஒரு விளையாட்டும் மூண்டிலை வந்த பழசுக்குப் புதுச் சாயம் பூசினது. அதுக்கேன் புதுப் பெட்டி?"

உடனே பதில் வந்தது. ‘மூண்டின்ரை முதல் வருசத்தைவிடத் திறம்தானே?’

"நோஞ்சானோடை ஏன் மல்லுக்கு நிக்கிறீர்? ரெண்டோடை வாரும். காரோட்டம், குத்துச்சண்டை, பனிச்சறுக்கு எண்டு முதல் வருசமே வகைவகையா இறங்கினது. இருந்தால் ஐஞ்சிலை காட்டும்!"

ஜெயந்தா இறால் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விட்டுக் குடுமன் மச்சாள். ஆரெண்டே தெரியாத பெடியன்."

"ஏன் விடவேணும்? ஒவ்வொரு நாளும் வாறான். ஒருநாளும் நான் குனிஞ்சதில்லை. பொம்பிளை எண்டோ, வயசெண்டோ நான் சலுகை கேக்கேல்லை. பிழையெண்டால் அவன் ஒத்துக்கொள்ளட்டும்."

அவன் வராத நாட்களில் வீடு வெறிச்சென்று கிடப்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"ஏலாதெண்டால் தோத்தனான் எண்டு எழுதும். சும்மா மழுப்பவேண்டாம்!" என்று தட்டி அனுப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

இந்த முறை பதில் வரச் சுணங்கியது. அடுப்பில் தேங்காய்ப்பால் பொங்கியது. ஜெயந்தா எழுந்து அதை இறக்கிவைத்தபோதுதான் கைபேசி கிணுங்கியது.

"‘ஓம், தோத்தனான். ரெண்டுதான் திறம்.’ பாத்தீரோ! நான் சொன்னனானெல்லே!" மேர்சியின் சிரிப்பு முற்றம்வரை கேட்டது. "இன்னும் என்னவோ எழுதியிருக்கிறான்..."

வாசிக்கத் தொடங்கியவள் கைபேசியை ஜெயந்தாவிடம் நீட்டினாள். ஜெயந்தா ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

‘அது எனக்கு முதலே தெரியும். ஐஞ்சின்ரை பக்கம் நிண்டால்தானே நீங்கள் என்னோடை கதைப்பீங்கள், அம்மா.’