ஏமாறாத ஆபீஸ்

"நாளையிலேருந்து கண்ட லிங்க்கை எவன் தொட்டாலும் அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிடும்!"

இறால் ஏற்றுமதி கம்பெனி முதலாளி தில்லைநாதன் மேஜையைத் தட்டினாரு. கடலூர்ல இன்னொரு கம்பெனிக்காரன் ஏதோ லிங்க்கைத் தொட்டு, கம்ப்யூட்டர் மொத்தமும் முடங்கிப்போய், இறாலை வெச்சுக்கிட்டு முழிச்ச கதையைக் கேட்டதுலேருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்ல. அதான் சென்னையிலேருந்து கம்ப்யூட்டர் பாதுகாப்பு சொல்லித்தர்ற ட்ரெயினர் தமிழ்வேந்தனை வரவழைச்சிருந்தாரு.

தமிழ்வேந்தன் போர்டுல தன் நம்பரை எழுதிப்போட்டு வகுப்பெடுத்தாரு.

"தெரியாத நம்பரை நம்பாதீங்க. சந்தேகம் வந்தா ஆளைக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. உங்களைச் சோதிக்க நானே ஒரு பொறி வைப்பேன். தெரிஞ்சவங்க பேர்லயே லிங்க் வரும், ஜாக்கிரதை!"

அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

மேனேஜர் பழனிவேல் சர்வர் கம்ப்யூட்டர் மேல எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினாரு. டீக்கடைக்காரர் கதவைத் தட்டினா, "பாஸ்வேர்ட் சொல்லுய்யா"ன்னு டைப்பிஸ்ட் மாலதி உள்ளேயிருந்து கேட்டா. அந்தப் பாஸ்வேர்டை அவருக்கு யாருமே சொல்லலை. டீ ஆறிப்போச்சு.

செவ்வாக்கிழமை, சிதம்பரத்துல முதலாளி பேரனுக்குக் காதுகுத்துன்னு எல்லாரு போனுக்கும் ஏதோ ஒரு நம்பர்லேருந்து பத்திரிகை லிங்க் வந்துச்சு. தொட்டுப் பார்த்துட்டு, "கட்டாயம் வர்றோம் சார்"னு முதலாளிக்குப் பதில் போட்டாங்க.

புதன்கிழமை இன்னொண்ணு வந்துச்சு.

"என் மகள் தீபிகா திருமணம். ஞாயிறு காலை, தேவனாம்பட்டினம். அவசியம் வரவும். இப்படிக்கு இருசம்மாள். பத்திரிகை பார்க்க இங்கே தொடவும்."

இருசம்மாள் அந்த ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவ.

"பொறி! பொறி! யாரும் தொடாதீங்க!" பழனிவேல் நாற்காலி மேல ஏறி நின்னு கத்தினாரு.

அதுக்குள்ள கணக்கு எழுதுற பிரிசில்லா தொட்டுட்டா. திரையில பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிச்சாங்க, நாயனம் ஒலிச்சுது. சீட்டுக் கிழியும்னு முதலாளி சொன்னது இவளுக்கு ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்காரருக்கு வேலை போய், இவ சம்பளத்துலதான் அடுப்பெரியுது. போனைக் கவுத்துப் போட்டுட்டு, தொட்டதைச் சொல்லாம கணக்கு எழுத உக்காந்துட்டா.

சாயங்காலம் இருசம்மாளே தட்டுல வெத்தலை பாக்கோட வந்து நின்னா.

"போன்ல பத்திரிகை பார்த்தீங்களா? மாப்பிள்ளை நம்பர்லேருந்து அனுப்பச் சொன்னேன்."

மாலதி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "அடிப்பாவி, உன்னையும் அந்த ட்ரெயினர் செட் பண்ணிட்டாரா?"

"வெத்தலை பாக்கு வரைக்கும் ஜோடிச்சு அனுப்பியிருக்காருய்யா!" பழனிவேல் கையைத் தட்டினாரு. "நடிப்பு பிரமாதம் தாயி! ஆனா நாங்க ஏமாற மாட்டோம்."

"எங்க ஆபீஸே திரண்டு வரும்னு சம்பந்தி வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன் சார்..."

"சூப்பர்! அழுவுற சீனும் இருக்கா?"

இது நெசந்தானான்னு கேக்க பிரிசில்லாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டா, இவ தொட்டது தெரிஞ்சுபோயிடும். முழுங்கிட்டா.

சனிக்கிழமை வேன் வெச்சுக்கிட்டுச் சிதம்பரம் போய்க் காதுகுத்து விருந்து சாப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை அவுங்கவுங்க வீட்டுல நல்லாத் தூங்கினாங்க.

திங்கக்கிழமை தமிழ்வேந்தன் வந்தாரு. முதலாளி, 'ஏமாறாத ஆபீஸ்'னு எழுதின கேக்கோட தயாரா நின்னாரு.

"நீங்க பொறியா அனுப்பின கல்யாணப் பத்திரிகையை ஒரு ஈ காக்கா தொடலை சார்!" பழனிவேல் நெஞ்சை நிமித்தினாரு.

பிரிசில்லாவால தாங்க முடியலை. எப்படியும் ட்ரெயினர் கம்ப்யூட்டர்ல இவ பேரு இருக்கும். எழுந்து நின்னா.

"நான் தொட்டேன் சார். மன்னிச்சிடுங்க. வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

முதலாளி முகம் செவந்துச்சு. "உன்னை..."

"அந்தப் பத்திரிகையா?" தமிழ்வேந்தன் குறுக்க பேசினாரு. "போர்டுல பார்த்து என் நம்பருக்கும் அனுப்பியிருந்தாங்க. இருசம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு நானும்தான் தொட்டேன். நேத்து கல்யாணத்துக்கும் போயிட்டு வந்தேன். என் பொறியை நான் இன்னும் வைக்கவே இல்லையே!"

கேக் வெட்டப் போன கத்தி அப்படியே நின்னுடுச்சு.

"சந்தேகம் வந்தா ஆளைக் கேளுங்கன்னு சொன்னேன். அந்தம்மா நேர்லயே வந்து நின்னாங்களாமே?" பழனிவேலைப் பார்த்தாரு. "சாரோட காதுகுத்துப் பத்திரிகை எனக்கும் வந்துச்சு. அதுவும் தெரியாத நம்பர்தான். அதுல மட்டும் ஏன் யாருக்கும் சந்தேகம் வரலை?"

பிரிசில்லாவுக்கு வேலை போகலை. ஆனா அந்தச் சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை. கேட்டிருக்கலாமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு.

கதவு தொறந்துச்சு. புதுப்புடவையில இருசம்மாள். ரெண்டு கையிலயும் தாம்பூலப் பைங்க. ஒவ்வொரு மேஜையிலயும் ஒண்ணொண்ணா வெச்சா. எடுக்க ஒருத்தர் கையும் நீளலை.

இருசம்மாள் எல்லாரு முகத்தையும் ஒரு தடவை பார்த்தா. அப்புறம் பிரிசில்லா பக்கம் பையை நகர்த்தி வெச்சுட்டுச் சிரிச்சா.

"பயப்படாம எடுத்துக்குங்கம்மா. நெசமான தேங்காதான்."