பதின்மூன்றாவது குச்சி

நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லா நாற்றும் ஒரே உயரம். பச்சைப்பசேலென்று, கண்ணுக்கு அழகாக நின்றன.

அவளுடைய நாற்றுகள் ஒருநாளும் அழகாக இருந்ததில்லை.

"மேடம் லீவு முடிஞ்சு வர்றப்போ சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க," என்றாள் தெய்வானை. நாற்று விற்கிற பண்ணையில் இருந்தவள். மேடம் விடுப்பில் இருந்தபோதுதான் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். "நோஞ்சானையெல்லாம் காலையில புடுங்கிப் போட்டுட்டனுங்க. பொழைக்காததுக்கு எதுக்குங்க எடம்?"

விற்கிற நாற்றுக்கு அதுதான் முறை. தெய்வானையைக் கோபித்துப் பயனில்லை.

இந்தப் பசுமைக்குடிலில் முறை தலைகீழ்.

தக்காளிக்குப் பன்னிரண்டு ஜோடி குரோமோசோம். அவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் கூடுதலாக வந்துவிட்ட செடிகள்தான் இங்கே வேண்டும். எந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று அவைதான் காட்டிக்கொடுக்கும். வரிசைக்கு ஒரு குச்சி. எது கூடுதலோ அதன் எண் குச்சியில்.

அவை தாமதமாக முளைக்கும். வளைந்து நிற்கும். கொழுத்து வளர்வதையெல்லாம் பிடுங்கிவிட்டு இவற்றைத்தான் குழந்தையைப் போல...

அந்த இடத்தில் அவள் நினைப்பு நின்றுவிட்டது.

அவள் மகள் செவ்வந்திக்கும் ஒன்று கூடுதல். இருபத்தொன்றாவது. கூடவே இதயத்தில் ஓர் ஓட்டை.

நடந்தது தாமதம். அம்மா என்று கூப்பிட்டது தாமதம். போனது மட்டும் சீக்கிரம். ஆறு வயது.

காரியத்துக்கு வந்த சித்தப்பா ஆறுதலாகத்தான் சொன்னார்: "விடு கண்ணு. இருந்தாலும் அதுக்கும் செரமம், உனக்கும் செரமம்."

அவள் தலையாட்டினாள்.

ஏன் ஆட்டினோம் என்று அன்றிலிருந்து மனசை அறுக்கிறது.

"எங்க போட்டீங்க?" என்று தெய்வானையிடம் கேட்டாள்.

குப்பைக்குழி ஓரம் குவியலாகக் கிடந்தன. இலையெல்லாம் துவண்டிருந்தது. வேரில் மட்டும் கொஞ்சம் ஈரம். வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எந்த வரிசை என்று இந்தப் பருவத்தில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அவள் மண்டியிட்டுப் பொறுக்கத் தொடங்கினாள்.

"தப்புப் பண்ணிட்டனுங்களா?"

தெய்வானையும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

அவள் ஒரு காலித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, விரலால் குழி பறித்து, ஒவ்வொன்றாக நட்டாள். பாதிகூடத் தேறாது. அது அவளுக்குத் தெரியும். கடைசி நாற்றில் இரண்டே இலை. அதையும் நட்டு, சாயாமல் மண்ணை அணைத்தாள்.

தெய்வானை தண்ணீர் தெளித்தாள். புதுக் குச்சி ஒன்றைத் துடைத்து நீட்டினாள்.

"என்ன நெம்பருங்க எழுதறது?"

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்.

தெய்வானை எட்டிப் பார்த்தாள். மற்ற தட்டுகளின் குச்சிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

"இருபத்தொண்ணுன்னு இங்க ஒண்ணும் இல்லீங்களே மேடம்."

"இருந்துச்சு," என்றாள்.

குச்சியை ஊன்றினாள்.